அந்தமானுக்குக் குடும்பத்தோடு முதல் பயணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அந்தமானுக்குப் போக எண்ணும் உறவினர்களும் அலுவலக நண்பர்களும் ஆண்டுதோறும் ஏறத்தாழ ஒரே ஐயங்களைத்தான் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட வாக்கிலேயே கேள்விகளை வைத்து, பதில்களை ஓரிடத்தில் தொகுத்திருக்கிறேன். கட்டணங்கள் பருவத்துக்குப் பருவம் மாறுவதால் விலை விவரம் எதையும் சேர்க்கவில்லை.

அந்தமான் போக பாஸ்போர்ட் வேண்டுமா? தனியாக அனுமதி ஏதாவது வாங்க வேண்டுமா?

இந்தியக் குடிமக்களுக்கு பாஸ்போர்ட் தேவையில்லை. அந்தமான் நிக்கோபார் தீவுகள் இந்தியாவின் யூனியன் பிரதேசம். சென்னையிலிருந்து செல்லும் விமானம் உள்நாட்டு விமானமே. பெரியவர்கள் ஒவ்வொருவரும் புகைப்பட அடையாள அட்டையின் அசலையும் இரண்டு நகல்களையும் வைத்துக்கொள்ள வேண்டும்; தீவுகளுக்கு இடையே படகுச் சீட்டு எடுக்கவும் விடுதியில் பதியவும் அது மறுபடி மறுபடி கேட்கப்படும். குழந்தைகளுக்கு ஆதார் அட்டையோ பிறப்புச் சான்றிதழோ போதும்.

போர்ட் பிளேர், ஹேவ்லாக், நீல் ஆகிய இடங்களுக்கு இந்தியர்களுக்குத் தனி அனுமதி வேண்டியதில்லை. நிக்கோபார் தீவுகள் அப்படியல்ல. அவற்றில் பெரும்பகுதி பழங்குடியினர் காப்புப் பகுதி என்பதால் சுற்றுலாவுக்காக அங்கே நினைத்தபடி போக முடியாது. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற உறவினர் உடன் வருவதாக இருந்தால், அவருக்கான விதிகள் வேறு. பயணச் சீட்டு எடுப்பதற்கு முன்பே அவற்றைப் பார்த்துவிட வேண்டும்.

இணையத்தில் தேடினால் வேறு வேறு ஊர்ப் பெயர்கள் வருகின்றன. எது எந்த ஊர்?

2018 டிசம்பரில் ஹேவ்லாக் தீவுக்கு ஸ்வராஜ் த்வீப் என்றும், நீல் தீவுக்கு ஷஹீத் த்வீப் என்றும், ராஸ் தீவுக்கு நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் த்வீப் என்றும் அரசு பெயர் மாற்றியது. 2024 செப்டம்பரில் தலைநகர் போர்ட் பிளேரின் பெயர் ஸ்ரீ விஜயபுரம் என மாற்றப்பட்டது. படகுச் சீட்டில் புதிய பெயரும், ஓட்டுநர்கள் வாயில் பழைய பெயரும் இருப்பதால் இரண்டையும் தெரிந்துகொள்வது நல்லது. இந்தத் தொகுப்பில், கேட்பவர்கள் சொல்லும் பழைய பெயர்களையே பயன்படுத்தியிருக்கிறேன்.

கப்பலில் போனால் செலவு குறையுமா? பிள்ளைகளுக்கும் ஓர் அனுபவமாக இருக்குமே?

சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்குக் கப்பல் உண்டு. கொல்கத்தா, விசாகப்பட்டினம் துறைமுகங்களிலிருந்தும் உண்டு. ஆனால் சென்னையிலிருந்து ஒரு வழிப் பயணத்துக்கே ஏறத்தாழ மூன்று நாட்கள் ஆகும். புறப்படும் நாட்கள் மாதத்துக்குச் சிலவே, அவையும் தள்ளிப்போகக்கூடும். சுற்றுலாவுக்காக அன்றி, தீவுகளில் வாழும் மக்களின் போக்குவரத்துக்காக நடத்தப்படும் சேவை அது. நடுக்கடலில் குழந்தைக்கு வாந்தி தொடங்கினால், இறங்கிக்கொள்ள வழியும் இல்லை.

விமானத்தில் இரண்டேகால் மணி நேரத்தில் போய்விடலாம். முதல் பயணத்துக்கு, அதுவும் குறைந்த விடுப்பில் போகிறவர்களுக்கு, விமானமே சரி என்பது என் கருத்து. கப்பல் ஆசை விடவில்லை என்றால் போகும்போது கப்பலும் திரும்பும்போது விமானமும் என்று வைத்துக்கொள்ளலாம். திரும்பும் பயணத்தைக் கப்பலில் வைத்து, அது தாமதமாகிப் பள்ளி திறந்த பிறகு ஊர் வந்து சேர்வதில் யாருக்கும் மகிழ்ச்சி இருக்காது.

எந்த மாதம் போகலாம்? பள்ளி விடுமுறை மே மாதத்தில்தானே வருகிறது?

சென்னைக்கு முதன்மையான மழை வடகிழக்குப் பருவத்தில் வருகிறது. அந்தமானுக்கோ தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவங்களிலும் மழை உண்டு. ஆண்டுக்கு ஏறத்தாழ 3000 மில்லிமீட்டர் பெய்கிறது. தென்மேற்குப் பருவமழை கேரளத்தைத் தொடுவதற்கு முன்பே, வழக்கமாக மே மூன்றாம் வாரத்தில், அந்தமான் கடலில் தொடங்கிவிடும். எனவே 'மே விடுமுறைக்குப் போகலாம்' என்று திட்டமிடுகிறவர்கள், தாங்கள் பருவமழையின் வாசலில் போய் நிற்கப்போகிறோம் என்பதை அறிந்திருக்க வேண்டும்.

கடல் அமைதியாகவும் நீர் தெளிவாகவும் இருக்கும் காலம் ஜனவரி முதல் ஏப்ரல் வரை. பள்ளிப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு முழுஆண்டுத் தேர்வு முடிந்த உடனே, ஏப்ரல் கடைசியிலோ மே முதல் வாரத்திலோ போவதுதான் பொருத்தம். வெயிலும் புழுக்கமும் இருக்கும், மார்ச், ஏப்ரலில் தண்ணீர்த் தட்டுப்பாடும் உண்டு, ஆனால் கடல் கைகொடுக்கும். அரையாண்டு விடுமுறையில் கூட்டமும் கட்டணமும் உச்சத்தில் இருக்கும். காலாண்டு விடுமுறையை இந்தப் பயணத்துக்கு நான் பரிந்துரைப்பதில்லை.

எத்தனை நாட்கள் வேண்டும்? நான்கு நாட்களில் மூன்று தீவுகளையும் முடித்துவிட முடியாதா?

முடியும், ஆனால் அந்த நான்கு நாட்களில் பெரும்பகுதி படகு ஏறும் துறையான ஜெட்டியில் வரிசையில் நிற்பதிலும் பெட்டி கட்டுவதிலும் கழியும். தீவு மாறும் ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ அரை நாளை விழுங்கிவிடும். ஆறு இரவுகள் இருந்தால் போர்ட் பிளேரில் ஒன்று, ஹேவ்லாக்கில் மூன்று, நீலில் ஒன்று, மறுபடி போர்ட் பிளேரில் ஒன்று என்று பிரிக்கலாம். ஐந்து இரவுகள்தான் என்றால் நீலை விட்டுவிடுங்கள். சிறு பிள்ளைகளுக்குத் தீவுகளின் எண்ணிக்கை ஒரு பொருட்டே அல்ல. ஒரே கடற்கரையில் மூன்று நாட்கள் மண் தோண்டவிட்டால் அவர்களுக்குப் போதும்.

இதில் ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்கவே கூடாது: ஊர் திரும்பும் விமானத்துக்கு முந்தைய இரவு போர்ட் பிளேரில் இருக்க வேண்டும். காலையில் ஹேவ்லாக்கிலிருந்து படகு பிடித்து மதியம் விமானம் ஏறிவிடலாம் என்று தாளில் கணக்குப் போட்டால் சரியாகவே வரும். ஆனால் கடல் கொந்தளித்தால் அன்றைய படகு கிடையாது. படகுக்காக விமானம் காத்திருப்பதும் இல்லை. 2016 டிசம்பர் முதல் வாரத்தில், பின்னர் வர்தா புயலாக மாறிச் சென்னையைத் தாக்கிய அதே காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் அந்தமான் அருகே நிலைகொண்டபோது, ஹேவ்லாக்கிலும் நீலிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் சிக்கிக்கொண்டார்கள். கடற்படைக் கப்பல்கள் போய் அவர்களை மீட்க வேண்டியிருந்தது. அவ்வளவு பெரிய நிகழ்வு அரிது. ஒரு நாள் படகு நிற்பது அரிதே அல்ல.

மாலை ஐந்து மணிக்கே இருட்டிவிடும் என்கிறார்கள், உண்மையா?

குளிர்காலத்தில் உண்மைதான். இந்திய நேரம் 82.5 பாகைத் தீர்க்கரேகையைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. போர்ட் பிளேர் அதிலிருந்து ஏறத்தாழ பத்து பாகை கிழக்கே இருக்கிறது. ஒரு பாகைக்கு நான்கு நிமிடம். சென்னையோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ 50 நிமிடம் முன்னதாகவே அங்கே பொழுது விடிந்து, பொழுது சாய்கிறது. டிசம்பரில் மாலை 5 மணிக்கும் ஏப்ரலில் ஐந்தரை மணி வாக்கிலும் சூரியன் மறையும்.

ஆகவே காலை பத்து மணிக்குச் சிற்றுண்டி முடித்துக் கிளம்பும் பழக்கம் இங்கே உதவாது. ஐந்தரைக்கு எழுந்து, ஆறரைக்குக் கடற்கரையில் இருந்து, வெயில் ஏறியதும் அறைக்குத் திரும்பி, மூன்று மணிக்கு மறுபடி கிளம்புவதே சரியான நாள்முறை. ஹேவ்லாக்கின் ராதாநகர் கடற்கரை மேற்கு நோக்கியது. சூரிய மறைவைப் பார்க்க வேண்டுமென்றால் நான்கு மணிக்கெல்லாம் அங்கே இருக்க வேண்டும்.

தீவுக்குத் தீவு போக அரசுப் படகா, தனியார் படகா? கடல் பயணம் என்றாலே எனக்குக் குமட்டும்.

போர்ட் பிளேரிலிருந்து ஹேவ்லாக்குக்குத் தனியார் விரைவுப் படகில் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம், அரசுப் படகில் ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் ஆகும். அரசுப் படகில் கட்டணம் பல மடங்கு குறைவு, மேல்தளத்தில் காற்று வாங்கலாம். ஆனால் சீட்டு கிடைப்பது கடினம், தீவு மக்களுக்கு முன்னுரிமையும் உண்டு, அது நியாயமும்கூட. தனியார் படகுகள் குளிரூட்டப்பட்டவை. பெரும்பாலும் உள்ளேயே உட்கார்ந்திருக்க வேண்டும். குடும்பமாகப் போகிறவர்கள் விமானச் சீட்டு எடுத்த கையோடு தனியார் படகையும் முன்பதிவு செய்துவிடுவது நல்லது.

குமட்டல் உள்ளவர்களுக்கு மூடிய அறையைவிடக் காற்றோட்டமான இடமும், படகின் முன்பகுதியைவிட நடுப்பகுதியும் உகந்தவை. மருத்துவரிடம் கேட்டு வாங்கிய மாத்திரையைப் படகு ஏறுவதற்கு முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். குமட்டல் தொடங்கிய பிறகு போட்டால் பலன் குறைவு. வயிறு முட்டச் சாப்பிடவும் கூடாது, வெறும் வயிற்றோடும் ஏறக்கூடாது. இரண்டு இட்லி சரியான அளவு.

எங்கள் வீட்டில் ஒருவருக்கும் நீச்சல் தெரியாது. அங்கே போய் என்ன செய்வது?

அந்தமானுக்கு வரும் தமிழ்க் குடும்பங்களில் பெரும்பாலானவை இப்படித்தான். ஹேவ்லாக்கின் எலிஃபன்ட் கடற்கரையிலும் போர்ட் பிளேருக்கு எதிரே உள்ள நார்த் பே தீவிலும் லைஃப் ஜாக்கெட் மாட்டி, மூச்சுக்குழாயோடு முகத்தை நீரில் கவிழ்த்து, வழிகாட்டி மிதவையைப் பிடித்து இழுத்துச் செல்ல, பவளப்பாறைகளைப் பார்க்கலாம். இதற்கு நீச்சல் தேவையில்லை. வாயால் மூச்சு விடப் பழகினால் போதும். கரையோரம் இடுப்பளவு நீரில் பத்து நிமிடம் பழகிய பிறகே ஆழத்துக்குப் போவோம் என்று வழிகாட்டியிடம் உறுதியாகச் சொல்லுங்கள். அவர்கள் அவசரப்படுத்துவார்கள், நீங்கள் அவசரப்பட வேண்டாம்.

நீரில் இறங்க விரும்பாத பெரியவர்களுக்கு அடியில் கண்ணாடி பதித்த படகு உண்டு. பவளத்தின் மேல் மட்டும் யாரும் கால் வைக்கக்கூடாது. அது உயிருள்ளது, காலையும் கிழித்துவிடும்.

நீல் தீவில் படத்தில் பார்த்த நீலக் கடலே இல்லை, வெறும் பாறையாகக் கிடந்தது என்று என் தங்கை சொன்னாள். ஏமாற்று வேலையா?

உங்கள் தங்கை கடல் வற்றிய நேரத்தில் போயிருக்கிறார். அங்கே ஒவ்வொரு நாளும் இரண்டு முறை கடல் ஏறி, இரண்டு முறை வற்றும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றமும் வற்றலும் மிகுதி. நீல் தீவைச் சுற்றிப் பவளத்திட்டு ஆழமின்றிப் பரந்திருப்பதால், நீர் வற்றியதும் நூறு மீட்டருக்கும் மேலாகப் பாறையும் பாசியும் வெளியே தெரியும்.

பரத்பூர் கடற்கரையில் குளிக்கவும் படகில் போகவும் நீர் ஏறிய நேரம் வேண்டும். லக்ஷ்மண்பூர் அருகே உள்ள இயற்கைப் பாறைப் பாலத்தைப் பார்க்க நீர் வற்றிய நேரம் வேண்டும். அங்கே பாறைக் குழிகளில் தேங்கிய நீரில் கடல் வெள்ளரி, சிறு மீன், நண்டு எல்லாம் பிள்ளைகள் பார்க்கக் கிடைக்கும்; பிடிப்புள்ள செருப்பு கட்டாயம். அன்றைய நேரங்களை விடுதியில் கேட்டால் சொல்வார்கள். நீலில் ஒரே ஒரு பகலை வைத்துப் போகிறவர்களுக்குக் கடல் எந்த நிலையில் கிடைக்கும் என்பது முழுக்க அதிர்ஷ்டம். அதனால்தான் மேலே நாட்கணக்கில் ஓர் இரவாவது தங்கச் சொன்னேன்.

முதலை இருக்கிறதாமே? கடலில் குழந்தைகளை விடலாமா?

உவர்நீர் முதலைகள் அந்தமானில் உண்டு. அவை பெரும்பாலும் அலையாத்திக் காடுகளிலும் கடலோடு கலக்கும் ஓடைகளிலும் வாழ்பவை. கடலிலும் நீந்திச் செல்லும். 2010-இல் ராதாநகர் அருகே உள்ள ஒரு சிறு விரிகுடாவில் அமெரிக்கப் பயணி ஒருவர் முதலை தாக்கி இறந்தார். ஆகவே எச்சரிக்கைப் பலகை இருக்கும் இடத்திலும், ஓடை கலக்கும் இடத்திலும், ஆளில்லாத கரையிலும், பொழுது சாய்ந்த பிறகும் நீரில் இறங்கக்கூடாது. உயிர்காப்பாளர்கள் இருக்கும் பகுதியில், மற்றவர்கள் குளிக்கும் இடத்தில், பகல் வெளிச்சத்தில் பிள்ளைகளை விடலாம்.

நடைமுறையில் தினமும் தொல்லை தருவது முதலை அல்ல, மணல் ஈ. கண்ணுக்கே தெரியாத இந்தப் பூச்சி கடித்த இடம் பல நாட்கள் அரிக்கும். வெறும் மணலில் உட்காராமல் துணி விரித்து உட்காருவதும், காலில் தேங்காய் எண்ணெய் தடவுவதும் ஓரளவு உதவும்.

தமிழ் பேசினால் புரியுமா? சைவச் சாப்பாடு கிடைக்குமா?

போர்ட் பிளேரில் தமிழிலேயே சமாளித்துவிடலாம். 2011 கணக்கெடுப்பின்படி அந்தமான் நிக்கோபார் முழுவதிலும் வங்காளம், இந்திக்கு அடுத்து மிகுதியாகப் பேசப்படும் தாய்மொழி தமிழ்தான். வணிகத்துக்கும் கூலி வேலைக்கும் போய்த் தங்கியவர்களோடு, சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து திரும்பிய மலையகத் தமிழ்க் குடும்பங்களில் சில நிக்கோபாரின் கச்சால் தீவு ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டன. போர்ட் பிளேரில் வெற்றிமலை முருகன் கோயிலும் உண்டு.

ஹேவ்லாக், நீல் தீவுகளில் குடியேறியவர்கள் பெரும்பாலும் கிழக்கு வங்காளத்திலிருந்து வந்தவர்கள். அங்கே வங்காளமும் இந்தியும் புழங்கும். சைவ உணவு எல்லாத் தீவுகளிலும் கிடைக்கும். காய்கறியில் பெரும்பங்கு கப்பலில் வருவதால் வகை குறைவு, விலை கூடுதல்.

போன் வேலை செய்யுமா? ஏடிஎம் இருக்கிறதா?

2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலடி ஒளியிழைக் கம்பி இணைப்பு வந்த பிறகு போர்ட் பிளேரில் இணையம் நன்றாகவே இருக்கிறது. ஹேவ்லாக், நீலில் இடத்துக்கு இடம் மாறும். அங்கே ஏடிஎம்களும் சிலவே. பணம் தீர்ந்திருப்பதும் உண்டு. தேவையான ரொக்கத்தைப் போர்ட் பிளேரிலேயே எடுத்துக்கொள்ளுங்கள். படகுச் சீட்டுகளையும் விடுதிப் பதிவையும் தாளில் அச்சிட்டு வைப்பது பழைய பழக்கம் என்றாலும் இங்கே பயன்படும்.

எழுபது வயது அம்மாவையும் ஒரு வயதுக் குழந்தையையும் அழைத்துப் போகலாமா?

போகலாம்; ஆனால் மருத்துவ வசதி எங்கே முடிகிறது என்று தெரிந்து போக வேண்டும். பெரிய அரசு மருத்துவமனை போர்ட் பிளேரில் உள்ள ஜி.பி. பந்த் மருத்துவமனை. ஹேவ்லாக், நீலில் முதலுதவியும் எளிய சிகிச்சையும் கிடைக்கும். அதற்கு மேல் என்றால் படகிலோ ஹெலிகாப்டரிலோ போர்ட் பிளேர் வர வேண்டும். இதய நோய், கட்டுக்குள் வராத சர்க்கரை, கர்ப்பத்தின் பிற்பகுதி ஆகிய நிலையில் இருப்பவர்கள் மருத்துவரிடம் இந்தத் தூரக் கணக்கைச் சொல்லியே ஒப்புதல் பெற வேண்டும்.

வழக்கமான மருந்துகளை, பயண நாட்களுக்கு மேல் ஒரு வாரத்துக்குச் சேர்த்து, கைப்பையிலேயே வையுங்கள். ஜெட்டிகளில் படகு ஏறி இறங்கும்போது இடைவெளியும் அசைவும் இருக்கும். பெரியவர்களுக்கு ஒருவர் முன்னும் ஒருவர் பின்னும் நிற்க வேண்டும்.

செல்லுலார் சிறையைச் சிறு பிள்ளைகளுக்குக் காட்டலாமா? பயந்துவிட மாட்டார்களா?

காட்டலாம். போர்ட் பிளேரில் ஆங்கிலேயர்கள் 1896-இல் கட்டத் தொடங்கி 1906-இல் முடித்த அந்தச் சிறையின் ஏழு சிறகுகளில் மூன்றே இன்று எஞ்சியிருக்கின்றன. ஒவ்வொருவரையும் தனியறையில் அடைத்து, ஒரு சிறகின் அறைக் கதவுகள் அடுத்த சிறகின் முதுகைப் பார்க்கும்படி கட்டினார்கள். கைதிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக்கூடாது என்பதற்காக. பத்து வயதுப் பிள்ளைக்கு இது புரியும். செக்கிழுத்த கதையை வ.உ.சி. வழியாக அவர்கள் பள்ளியிலேயே படித்திருப்பார்கள், இங்கும் அரசியல் கைதிகள் செக்கிழுத்தார்கள் என்று சொன்னால் போதும். அவர் அடைபட்டது கோயம்புத்தூர், கண்ணூர் சிறைகளில் என்பதையும் கூடவே சொல்லிவிடுங்கள்.

தூக்குமேடைப் பகுதிக்குச் சிறு குழந்தைகளை அழைத்துப் போக வேண்டியதில்லை. மாலை ஒலி-ஒளிக் காட்சி நீளமானது. ஐந்து வயதுக்குக் கீழே இருந்தால் அதைத் தவிர்க்கலாம்.

ஸ்கூபா டைவிங் பாதுகாப்பானதா? மகனுக்கு ஒன்பது வயது, ஆசைப்படுகிறான்.

அறிமுக ஸ்கூபாவுக்குப் பொதுவாக ஏற்கப்பட்ட குறைந்தபட்ச வயது பத்து. ஒன்பது வயதுப் பையனை 'பரவாயில்லை' என்று ஏற்றிக்கொள்ளும் இடத்தில் பெரியவர்களும் இறங்காமல் இருப்பதே நல்லது. பயிற்சியாளர் கூடவே இருப்பதால் நீச்சல் தெரியாத பெரியவர்களும் இறங்கலாம். அதிகபட்ச ஆழம் 12 மீட்டர். ஆஸ்துமா, காதுக் கோளாறு, இதய நோய், கர்ப்பம் இருந்தால் கூடாது. மருத்துவ விவரப் படிவத்தில் எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று போட்டுவிட்டு இறங்குவது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது.

ஸ்கூபாவுக்குப் பின் உடனே விமானம் ஏறக்கூடாது. அழுத்தத்தில் உடலில் கரைந்த நைட்ரஜன் வெளியேற நேரம் வேண்டும். 18 மணி நேர இடைவெளி வைத்துக்கொள்வது பாதுகாப்பு. கடைசி இரவு போர்ட் பிளேரில் என்ற மேலே சொன்ன ஏற்பாட்டுக்கு இது இன்னொரு காரணம்.

கரையில் கிடக்கும் சங்கு, பவளத் துண்டுகளை எடுத்து வரலாமா? செத்துப்போனதுதானே?

கூடாது. பவளமும் பல வகைச் சங்கு, சிப்பிகளும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன. கரையில் ஒதுங்கியது என்பதால் விலக்கு இல்லை. விமான நிலையச் சோதனையில் பிடித்து வைத்துக்கொள்வார்கள், மேல் நடவடிக்கைக்கும் இடமுண்டு. நினைவுப் பொருள் வேண்டுமென்றால் போர்ட் பிளேரில் உள்ள அரசின் சாகரிகா விற்பனை நிலையம் போன்ற உரிமம் பெற்ற கடையில் வாங்கி, ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள். பிள்ளைகளின் பைகளையும் சட்டைப் பைகளையும் கிளம்பும் முன் ஒரு முறை கவிழ்த்துப் பார்த்துவிடுங்கள்.

பாராடாங் போனால் ஜாரவா மக்களைப் பார்க்கலாம் என்கிறார்கள். போகலாமா?

பாராடாங் தீவில் பார்க்க இருப்பவை சுண்ணாம்புக் குகையும் சேற்று எரிமலையும். அலையாத்திக் காட்டுக்கு நடுவே குகைக்குப் போகும் படகு வழி மிக அழகானது. ஆனால் அங்கே போகும் அந்தமான் நெடுஞ்சாலை ஜாரவா பழங்குடியினரின் காப்புக் காட்டை ஊடறுத்துச் செல்கிறது. ஜிர்காடாங் சோதனைச் சாவடியிலிருந்து வண்டிகளை அணியாக, காவல் பாதுகாப்புடன் அனுப்புகிறார்கள். வழியில் நிறுத்துவதும், படமெடுப்பதும், உணவு கொடுப்பதும் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறையின்படி சிறைத் தண்டனைக்குரிய குற்றங்கள். 1956-ஆம் ஆண்டின் அந்த ஒழுங்குமுறை 2012-இல் மேலும் கடுமையாக்கப்பட்டது.

காப்புக் காட்டின் வழியே போகும் சாலைப் பகுதியை மூடும்படி 2002-இலேயே உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. போக்குவரத்து இன்றும் நிற்கவில்லை. மனிதர்களை வேடிக்கை பார்ப்பதற்காக வண்டி ஏறுவது எந்த வகையிலும் தகாது. 'அவர்களைக் காட்டுகிறேன்' என்று சொல்லும் முகவரிடம் எந்தச் சீட்டும் வாங்காதீர்கள். குகைக்காகவே போவதென்றாலும், விடியும் முன் எழுந்து சாலையிலும் வரிசையிலும் பெரும்பகுதி கழியும் நாள் அது. சிறு பிள்ளைகளோடு செல்லும் முதல் பயணத்தில் அதை விட்டுவிடலாம் என்பதே என் எண்ணம்.

நாங்கள் ஹேவ்லாக்கில் இருக்கும்போது புயல் எச்சரிக்கை வந்து படகு நின்றுவிட்டால் என்ன செய்வது?

முதலில் விடுதி அறையைக் காலி செய்யாதீர்கள். படகு உறுதியான பிறகே சாவியைக் கொடுங்கள், ஏனென்றால் அன்று எல்லோருக்கும் அறை தேவைப்படும். பிறகு குடும்பத்தில் ஒருவர் மட்டும் ஜெட்டிக்குப் போய் அறிவிப்பைக் கேட்கட்டும். சிறிய தனியார் படகுகள் நின்ற பிறகும் பெரிய அரசுப் படகு ஓடும் நாட்கள் உண்டு. குழந்தை, முதியவர், நோயாளி இருப்பதைக் கவுண்டரில் சொன்னால் இடம் ஒதுக்கும்போது கருதுவார்கள். கூடுதல் பணத்துக்கு மீன்பிடிப் படகில் கொண்டுபோய் விடுவதாக யாராவது சொன்னால், எவ்வளவு அவசரமானாலும் ஏறக்கூடாது.

விமான நிறுவனத்துக்கு அன்றே தகவல் சொல்லுங்கள். படகு ரத்தானதற்கான குறுஞ்செய்தியையோ அறிவிப்பின் படத்தையோ வைத்திருந்தால், தேதி மாற்றம் கேட்கும்போதும் பயணக் காப்பீட்டுக்கும் உதவும். முன்பே சொன்னபடி கடைசி இரவைப் போர்ட் பிளேருக்கு ஒதுக்கியிருந்தால், ஒரு நாள் தாமதத்தை அந்த இரவே தாங்கிக்கொள்ளும். இரண்டாம் நாளும் படகு இல்லையென்றால் விமானத் தேதியை மாற்றுவதைத் தவிர வழியில்லை. அதனால் சீட்டு எடுக்கும்போதே தேதி மாற்ற அனுமதிக்கும் வகையாகப் பார்த்து எடுங்கள்.